லேப்டாப் ரெடியாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்

வேலூர்
28.12.2025

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பாட்டிக்கு மட்டும் பனி ஒத்துக்கொள்ளாமல் இருமல், கஷாயத்தில் போய்விடும். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நிதானமாகப் படிக்கலாம், உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

உன் பழைய லேப்டாப் ரெடி. போன மாதம் அம்மாவிடம் "அது இன்னும் வீட்ல இருக்கா, தூக்கிப் போட்டுட்டீங்களா" என்று கேட்டாயாம். தீபாவளிக்கு வந்தபோது "இனிமே அதுக்கு அப்டேட்டே வராது, காயலான் கடையில போட்டுடுப்பா" என்று சொன்னவன் நீ. நான் போடவில்லை. ஆபீஸ் லேப்டாப் கையில் இருக்கும்போது அவனுக்கு இது எதற்கு என்று அம்மா கேட்டாள். ஏதாவது தேவை இருக்கும், பிள்ளை கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்தேன்.

பின் மூடியைத் திறந்தால், ஃபேனுக்கும் செப்புக் குழாய்க்கும் நடுவில் தூசி ஒரு பட்டையாகவே படிந்து காற்று போக வழியில்லாமல் இருந்தது. பிராசஸர் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்து, நகம் பட்டதும் பொடிந்து கொட்டியது. இவ்வளவு சூட்டோடுதான் இத்தனை வருஷம் அதை மடியில் வைத்து வேலை பார்த்திருக்கிறாய். எல்லாவற்றையும் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்தேன். ஹார்டு டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டது, அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். உன் போட்டோ, சர்டிபிகேட் எல்லாவற்றையும் முதலில் காப்பி எடுத்து வைத்துவிட்டேன், பயப்படாதே. ராம் 4 ஜி.பி.தான் இருந்தது, இன்னொரு 4 சேர்த்தேன். 2017-இல் வாங்கியது என்பதால் பிழைத்தோம். அதில் ராமுக்கு ஸ்லாட் இருக்கிறது, பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறது. இப்போது வருகிற பல மாடல்களில் ராமைப் போர்டோடு சேர்த்து சால்டர் வைத்துவிடுகிறார்கள், பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒன்று போனால் மொத்தமும் போக வேண்டும் என்றே செய்வது அது. எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

சார்ஜர் குத்துகிற பின் ஆடிக்கொண்டிருந்தது. அதுதான் கஷ்டமான வேலை. நான் தொழில் பழகின காலத்து ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும். 2006-இல் ஐரோப்பாவில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, போர்டுகளில் வெள்ளீயத்தோடு வெள்ளியும் செம்பும் கலந்த சால்டர்தான் வருகிறது. அது 217 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் இளகும். அயர்னைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் போர்டில் இருக்கிற செப்புத் தடம் உரிந்து கையோடு வந்துவிடும். குறைவாக வைத்தால் பின் அசையாது. பழைய சால்டர் கொஞ்சம் தொட்டு, அதோடு கலக்க விட்டு, குறைந்த சூட்டிலேயே இளகியதும் மெதுவாக எடுத்தேன். சின்னவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். எடுத்து முடித்ததும் "உனக்கு இன்னும் கை நடுங்கலையேப்பா" என்றான். நடுங்கவில்லை.

அப்புறம் விண்டோஸ் சமாசாரம். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையை முழுசாக மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வருகிறது. மூடினால் அடுத்த முறையும் வருகிறது. 11-க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்வார்கள். உன்னுடையது ஏழாம் தலைமுறை. அந்த இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. திரை பளிச்சென்று இருக்கிறது, கீபோர்டில் ஓர் எழுத்து அழியவில்லை, நீ கொடுக்கிற வேலையை முகம் சுளிக்காமல் செய்கிறது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு தேதியைக் குறித்து, இத்தோடு இது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அப்படி யாரோ முடிவு செய்தால் அது உதவாததாக ஆகிவிடுமா? கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-லேயே, இந்த முடிவால் உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் வாங்க ஆளில்லாமல் போகலாம் என்று கணக்குச் சொன்னது. அத்தனையும் ஓடுகிற நிலையில் இருக்கிற பெட்டிகள். எனக்கு வயிறு எரிகிறது.

நான் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். வேகமாகத் திறக்கிறது. தமிழில் தட்டவும் வருகிறது. கேமராவைச் சோதித்தேன், மைக்கையும் சோதித்தேன், சின்னவனை மாடியில் நிற்கவைத்து வீடியோவில் பேசிப் பார்த்தோம். எதிரில் இருப்பவர்களுக்கு முகம் நன்றாகத் தெரியும், குரலும் தெளிவாகக் கேட்கும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார். எதற்குத் தேவையோ அதற்குச் சொல்கிறேன். பேட்டரியை நூறு வரைக்கும் ஏற்றாதே, எண்பதில் எடுத்துவிடு. ராத்திரி முழுக்கக் குத்தி வைத்துவிட்டுத் தூங்காதே.

கூரியரில் அனுப்பலாம் என்று சின்னவன் சொன்னான். லித்தியம் பேட்டரி இருப்பதை அப்படி அனுப்ப எனக்கு மனசில்லை. நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. காலையில் லால்பாக் ஏறினால் காட்பாடியில் இறங்கிவிடலாம், நான் ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

தீபாவளியன்று நாம் பேசியதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயோ என்று ஒரு யோசனை. "இலவசம் கொடுத்தே இந்த ஸ்டேட்டைக் கெடுத்துட்டாங்க, எல்லாம் எங்க டேக்ஸ் பணம்" என்று சொன்னாய். நான் பேசினேன், நீ எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாய். அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன், கோபமில்லாமல் சொல்கிறேன். 2006-இல் கலைஞர் ஆட்சியில் 14 அங்குலக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒன்றரைக் கோடிக்கும் மேல் வீடுகளுக்குப் போனது. உங்கள் பாட்டி பீடி சுற்றிக்கொண்டே வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தது அந்தப் பெட்டியில். அதுவரைக்கும் வாத்தியார் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தவள். அந்த டி.வி.கள் இரண்டு மூன்று வருஷத்தில் ரிப்பேருக்கு வர ஆரம்பித்தன. ஃப்ளைபேக் போகும், கெப்பாசிட்டர் உப்பும், ரிமோட் சென்சார் போகும். என் கடையில் வாசல் வரைக்கும் பெட்டி அடுக்கியிருக்கும். உன் டியூஷன் பணம், சைக்கிள், எல்லாம் அதில் வந்ததுதான். 2011-இல் ஜெயலலிதா அம்மா லேப்டாப் திட்டம் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் உன் கைக்கு ஒன்று வந்தது. வந்த அன்றைக்கே நான் அதைத் திறந்து பார்த்தேன் என்று உன் அம்மா சண்டை போட்டாளே. நம் வீட்டில் முதல் கம்ப்யூட்டர் அது. அதில்தான் நீ முதல் புரோகிராம் எழுதினாய், முதல் பட்டதாரி சான்றிதழை வாங்கிக்கொண்டு காலேஜ் சேர்ந்தாய். எந்தக் கட்சி கொடுத்தது என்று நான் பார்ப்பதில்லை. கொடுத்தது சரி. வாங்கினவன் எழுந்து நின்றான். உன்னையே நான் சாட்சிக்கு நிறுத்துவேன்.

ஆனால் கொடுத்தவர்கள் யாரும், அந்தப் பெட்டி செத்தால் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. அது என் ஆதங்கம். அந்த 14 அங்குல டி.வி.யின் பிக்சர் டியூபில் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும், எக்ஸ்ரே கதிர் வெளியே வராமல் தடுப்பதற்கு. காயலான் கடையில் கழுத்தை உடைத்து, செப்புச் சுருளை உருவிக்கொண்டு, கண்ணாடியை அப்படியே குப்பையில் தள்ளுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கண்ணாடிக்கு விலை கிடையாது. ஒயரைக் கொளுத்தினால்தான் செம்பு சுலபமாக வரும். பாலாற்று ஓரமாகப் போகும்போது கறுப்புப் புகை எழுந்தால் எனக்குத் தூரத்திலேயே தெரியும், பி.வி.சி. எரிகிற வாசனை. போர்டில் இருக்கிற துளித் தங்கத்துக்காக ஆசிட்டில் ஊறப் போடுகிறவர்களும் உண்டு. அந்த ஆசிட் கடைசியில் மண்ணுக்குத்தானே போகும். இந்த வருஷ பட்ஜெட்டில் இரண்டு வருஷத்துக்குள் 20 லட்சம் காலேஜ் பிள்ளைகளுக்கு லேப்டாப், டேப்லெட் என்று அறிவித்தார்கள். நல்லது, கொடுக்கட்டும். பேட்டரி உப்பினால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, எந்த ஊரில் எந்தக் கடையில் உதிரிபாகம் கிடைக்கும் என்பதையும் அதே காகிதத்தில் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் கேட்கப்போகிறேன். எந்தக் கொடியாக இருந்தாலும் கேட்பேன்.

மண்ணுக்குப் போனால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். பெரியப்பா கிணற்றை நினைத்துப் பார். ராணிப்பேட்டையில் குரோமேட் கம்பெனி மூடி முப்பது வருஷம் ஆகப்போகிறது, லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு மலையாக அங்கேயே கிடக்கிறது. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் இறங்கும். தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து நம் வேலூர் ஆட்கள் போட்ட வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டமாகவே சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் வேலூர் வழக்கு என்று படிக்கிறார்கள். வட ஆற்காட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ள அது எனக்குப் பெருமை. இந்த வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்கு மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் நஷ்டஈடு கொடுத்துவிட்டு, பிறகு மாசு செய்தவர்களிடம் வசூல் பண்ணிக்கொள் என்று. 28 வருஷத்துக்கு மேல் கழித்து! பெரியப்பா முதல் தீர்ப்பைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்க்க இல்லை.

மின் கழிவுக்கும் அதே நியாயம்தான் என்று சட்டம் சொல்கிறது. 2022-இல் புது விதி வந்து, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. செய்து விற்கிற கம்பெனி, விற்றதில் இத்தனை சதவீதத்தை மறுசுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். முதல் இரண்டு வருஷம் 60, இப்போது 70, அப்புறம் 80. தானே செய்ய முடியாவிட்டால் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சான்றிதழுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் குறைந்தபட்சம் என்று அரசு நிர்ணயித்ததும், பெரிய பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. பேப்பரில் படித்துவிட்டு எனக்கு மனசு ஆறவில்லை. ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும்போது கை கூசவில்லை, கிலோவுக்கு 22 ரூபாய் கொடுக்கும்போது கூசுகிறது. இந்த ஒரு விஷயத்தில் ஒன்றிய அரசு செய்தது சரி என்று சொல்வேன், உனக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் செப்டம்பரில் பெரிய டி.வி.க்கு ஜி.எஸ்.டி.யை 28-இலிருந்து 18 ஆக்கினார்களே, ரிப்பேர் வேலைக்கான வரி மட்டும் அதே 18-இல் நிற்கிறது. புதுசு வாங்கு என்று ஊரே கூப்பிடுகிறது, பழையதை வைத்துக்கொள் என்று சொல்ல ஆளில்லை. ஐ.நா. கணக்கில் 2022-இல் உலகம் முழுக்க 6 கோடியே 20 லட்சம் டன் மின் கழிவு, அதில் முறையாக மறுசுழற்சிக்குப் போனது 22 சதவீதம்தான். என் கடைக்கு வந்து பிழைத்துப் போகிற பெட்டியெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. வரவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நீ உன் ரூமில் இருக்கிற பழைய போன், பவர் பேங்க் எதையும் எடைக்குப் போடாதே, பையில் போட்டு இங்கே கொண்டுவா. பேட்டரியைத் தனியாக எடுத்து, பதிவு பெற்ற ஆட்களுக்கு நான் சேர்த்து அனுப்புகிறேன்.

எங்கோ போய்விட்டேன். முக்கியமான விஷயம் ஓட்டுப் பட்டியல்.

நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள் அல்லவா. நம் பகுதிக்கு வந்த பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், நம் அங்கன்வாடி அம்மாதான். உனக்குத் தெரியும், சின்னவனை வளர்த்தவர். வெயிலில் அலைந்து களைத்துப்போய் வந்தார், அம்மா மோர் கொடுத்தாள். எல்லோருடைய படிவத்தையும் பூர்த்தி செய்தோம். உன் படிவத்தை எடுத்துக்கொண்டு, "பெரிய தம்பி இப்ப எங்க இருக்கு, பெங்களூர்லயா, இங்க வந்துடுச்சா?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டதுதான். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறோம் என்று படிவத்தை வாங்கி வைத்தேன். உனக்கு மெசேஜ் போட்டேன், மறுபடியும் போட்டேன். கடைசித் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள், அதுவும் போனது. நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர் இல்லை. பெரும்பாலோர் குடிபெயர்ந்தவர்கள் என்று சொல்கிறார்கள். அதில் உன் பெயரும் ஒன்று. இறந்தவர் பெயரை எடுப்பது நியாயம், இரண்டு இடத்தில் இருப்பதை எடுப்பதும் நியாயம். ஆனால் இவ்வளவு பெரிய வேலையைத் தேர்தலுக்கு முந்தின குளிர்காலத்தில், இத்தனை அவசரத்தில் செய்ய வேண்டுமா? வயிற்றுப் பிழைப்புக்கு திருப்பூர், பெங்களூர் என்று போனவன் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பான், அவனைத் தேடிப் படிவம் போகுமா? இது என் அபிப்பிராயம். நம் வார்டில் எல்லாக் கட்சி ஆட்களும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள், அதுவரைக்கும் சந்தோஷம்.

ஜனவரி 18 வரைக்கும் நேரம் இருக்கிறது. பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6, அதோடு ஓர் உறுதிமொழிப் படிவமும் கொடுத்தால் சேர்த்துவிடுவார்கள். சனி ஞாயிறில் பள்ளிக்கூடத்தில் முகாம் நடக்கிறது. போனிலேயே போட்டுவிடலாம் என்று சின்னவன் உட்கார்ந்தான். ஓ.டி.பி. உன் நம்பருக்கு வரும், நீ எடுக்க மாட்டாய். இப்போதெல்லாம் எல்லா வேலையும் இப்படித்தான். பாட்டிக்கு ஒரு இடத்தில் விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். நாற்பது வருஷம் பீடி இலை சுருட்டின விரல், ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் சிவப்பு விளக்கையே காட்டியது. அவள் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தாள், தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி. உன்னைப் போலப் படித்தவர்கள் எழுதுகிற புரோகிராம்தானே அது. இனி நீ எங்கே எழுதினாலும், ரேகை தேய்ந்த விரலுக்கும் ஒரு வழி வைத்து எழுது.

படிவத்தில் எந்த விலாசம் எழுதுவது என்று நீதான் சொல்ல வேண்டும். பெங்களூர் என்றால் அங்கே பதிவு செய்துகொள், தப்பில்லை, ஓட்டு எங்கேயாவது இருக்க வேண்டும். இந்த வீடு என்றால் இந்த வீடு. அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். மாடி ரூமைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்திருக்கிறோம், எப்படியும் அடிக்க வேண்டியிருந்தது. நெட் லைனையும் மேலே வரைக்கும் இழுத்துவிட்டேன்.

மூன்றாவது வீட்டு வாத்தியார் மகனைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவனும் உங்கள் கம்பெனிதானே. உன்னைப் பற்றி விசாரித்தான். ஏதோ சொல்ல வந்து, "ஒண்ணும் இல்ல அங்கிள்" என்று நிறுத்திக்கொண்டான். நானும் கேட்கவில்லை. பேப்பரில் தினமும் ஐ.டி. கம்பெனிகளில் ஆள் குறைப்பு என்று போடுகிறார்கள், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர் பெயராகத் தேடிப் பார்க்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ இல்லையோ, எல்.இ.டி. டி.வி. வந்த புதிதில் என் கடை எப்படி இருந்தது என்று. பிக்சர் டியூப் டி.வி.யை ஒருவரும் கொண்டுவரவில்லை. புது டி.வி.க்கு கம்பெனியே ஆள் அனுப்பினான். காலையில் ஷட்டரைத் தூக்கி, ஊதுவத்தி கொளுத்தி, மத்தியானம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பேன். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாட்டி பீடிக் கணக்கை அதிகமாக்கினாள், அம்மா ஜாக்கெட் தைத்தாள், நீ டியூஷன் வேண்டாம் என்று நீயாகவே நின்றாய். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் 2012-இல் மின்வெட்டு. ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் கிடையாது. ஊரெல்லாம் இன்வெர்ட்டர் வாங்கியது. நான் நாற்பது வயசுக்கு மேல் இன்வெர்ட்டர் போர்டு கற்றுக்கொண்டேன், பிறகு செல்போன், பிறகு உன் லேப்டாப். அந்தத் தொழில் போனதே தவிர, என் கையில் இருந்தது எங்கேயும் போகவில்லை. நீ என்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரன், இதை நான் உன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு கெட்டிக்காரனுக்கு ஒரு போன் எடுக்கத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பொங்கலுக்கு வா. 14-ஆம் தேதி வந்துவிட்டால் படிவமும் கொடுத்துவிடலாம், லேப்டாப்பையும் எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட் போடும்போது திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்துப் போட வேண்டும் என்று இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ஹோட்டலில் ராத்திரி பரோட்டா வேண்டாம். பேட்டரியை எண்பதுக்கு மேல் ஏற்றாதே.

எல்.ஐ.சி. நோட்டீஸ் இந்த விலாசத்துக்குத்தான் வந்தது. டிசம்பர் பிரீமியத்தை நான் கட்டிவிட்டேன், ரசீது பீரோவில் இருக்கிறது. அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பாதே. ஜனவரி வாடகைக்கு வேண்டுமென்றால் என்னிடம் கேட்க வேண்டியதில்லை, சின்னவனுக்கு ஒரு மெசேஜ் போடு, அவனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா